பச்சை டீச்சர் கையெழுத்துப் போடுவதற்கு முன்

பூங்காவின் பொறுமையே, பிள்ளைகளின் பெருந்துணையே, இருபத்திரண்டு ஆண்டுகள் இந்த நகரப் பூங்காவில் சனிக்கிழமைதோறும் சுற்றுச்சூழல் வகுப்பு நடத்தி இன்று ஓய்வுபெறும் எங்கள் பச்சை டீச்சரே, வணக்கம்!

பிரிவுபசார மடலில் இந்த இடத்தில் குணங்களை வரிசையாகச் சொல்வார்கள். நாங்கள் உங்கள் தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறோம், கோபித்துக்கொள்ள வேண்டாம். முதல் வருடம் கால்வாய் ஓரத்தில் முளைத்திருந்த செடியைக் களை என்று பிடுங்கச் சொன்னீர்கள். கட்டட வேலைக்கு வேறு நாட்டிலிருந்து வந்தவரின் மகள் மட்டும் குனியவில்லை. "இது களை இல்ல டீச்சர். எங்க அம்மா இதத்தான் சமைச்சுப் போடுவாங்க" என்றாள். முப்பது பிள்ளைகள் முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டீர்கள்.

அன்று முதல் எந்தச் செடிக்கும் நீங்கள் முந்திக்கொண்டு பெயர் சொன்னதில்லை. அவரவர் வீட்டில் அதை எப்படி அழைப்பார்கள் என்று கேட்டு, அவரவர் எழுத்திலேயே கருவிக்கூடச் சுவரில் எழுத வைத்தீர்கள். ஒரே மரத்துக்கு ஒன்பது பெயர். பெயர் தெரியாத பிள்ளை வீட்டில் கேட்டு வந்தது. பின்னாலேயே அம்மாவும் மாமாவும் வந்து நின்றார்கள். முன்பு கால்வாயில் குப்பை கொட்டிய தெருக்காரர்களே பிறகு அதன் கரைக்குக் காவல் இருந்தார்கள்.

அந்தச் சுவருக்குத்தான் போன திங்கட்கிழமை பூங்கா நிர்வாகத்தார் வெள்ளையடித்தார்கள். பார்க்கக் கிறுக்கலாக இருக்கிறதாம். இனி திரையில் படம் காட்டினால் போதுமாம், செடிக்கு ஒரு பெயர் போதுமாம். கேட்கப் போன தோட்டக்கார அண்ணனிடம் மேலாளர், "அந்தம்மாவே போறாங்க, உங்களுக்கு என்னய்யா வயித்தெரிச்சல்?" என்றார். வயிற்றெரிச்சல்தான், ஒத்துக்கொள்கிறோம். சற்று முன் அவர் இதே மேடையில் உங்களைப் புகழ்ந்தபோது நாங்கள் கைதட்டாததைக் கவனித்திருப்பீர்கள்.

விழா முடிந்ததும் ஒப்படைப்புப் படிவத்தை நீட்டுவார்கள். அதன் ஏழாவது வரி, சனிக்கிழமை வகுப்பு நிறைவடைந்தது என்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட்டால், வகுப்பை மூடியவர் நீங்கள் என்று ஆகிவிடும். யார் எதை நீட்டினாலும் முகம் கோணாமல் கையெழுத்திடுவது உங்கள் பழக்கம்; அந்த ஒரு குணத்தை இந்த மடல் பாராட்டாது. சாவியைக் கொடுங்கள், பதிவேட்டைக் கொடுங்கள். அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள். மூடுகிறவர்கள் தங்கள் பெயரில் மூடட்டும்.

நோய் அண்டாமல், நல்ல தூக்கத்தோடு நெடுங்காலம் வாழுங்கள் டீச்சர். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மட்டும் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். கருவிக்கூடம் பூட்டியிருந்தால் கால்வாய்க்கரைக்கு வரும்படி பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பிவிட்டோம்.

இப்படிக்கு,
தோட்டக்காரர்கள், காவலாளி, துப்புரவுப் பணியாளர்கள்,
அந்தப் படிவத்தைத் தட்டச்சு செய்தவரும்.