பனியன் பெட்டிக்குத் தபால் கூலி

பள்ளிப் படிப்போடு நின்ற ஆள் நான். அடுத்தவர் பேச்சைக் கேட்டு எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும்.

நல்லூர் பேருந்தில் என் முன் இருக்கையில் ஐம்பதைத் தாண்டிய கணவனும் மனைவியும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னையக் கொண்டுவர்றதுக்கு முன்னூறு ரூபா தபால் கூலியாங்க?" என்றார் அந்த அம்மா.

இணைய ஏலத்தில் அவர்கள் எடுத்திருந்தது ஒரு பழைய பனியன் பெட்டி. அந்த அம்மாவின் அப்பா நடத்திய கம்பெனியின் பெட்டி அது. மூடியில் நாலு வயதில் அந்த அம்மாவின் படம். சின்ன வயதில் எடுத்த வேறு படமே இல்லையாம்.

"ஏலம் அம்பது ரூபாதான் புள்ள. கூலிலதான் அடிக்கறான்."

"கல்யாணத்தன்னிக்கு குன்னத்தூர்ல இருந்து என்னையக் கூட்டிட்டு வர அவ்ளோ ஆகலீங்க."

"அன்னிக்கு உங்கப்பா கூலி கேக்கலை."

"பொட்டியப் பிரிச்சுத் தட்டையாக்கி கவர்ல போடச் சொல்லுங்க. அச்சாபீஸ்ல இருந்து தட்டையாத்தான் வரும். பள்ளிக்கூடம் விட்டு வந்து நாந்தானுங்க மடிச்சுப் பொட்டியாக்குவேன். எங்கப்பா பக்கத்துல உக்காந்து பனியனை உள்ள வெப்பாரு."

கணவர் அப்படியே விற்பவருக்கு எழுதி அனுப்பினார். பதில் உடனே வந்தது.

"பழைய அட்டையாம். பிரிச்சா மூஞ்சி மேல கோடு உழுந்துருமாம். இன்னிக்குள்ள கட்டலீன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவானாம்."

"உழுந்தா உழுகட்டுங்க. இப்ப மட்டும் கோடில்லாமயா இருக்குது?"

கணவர் சிரிக்கவில்லை. கைப்பேசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் அதே பேருந்தில் அந்த அம்மா, கேட்ட கூலியைக் கணவர் முழுதாகக் கட்டிவிட்டதாகவும் பெட்டி பிரிக்காமல் வருவதாகவும் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்.