மரத்துக்கும் ஈரம் கழித்தவர்

தலவாக்கலையில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் உட்காரும்போதே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“மரம் தண்ணி குடிக்கலையாம்க்கா, ஊத்திக் குடுத்துச்சாம்!” என்றாள் இளையவள்.

“சிரிக்காம வெவரமா சொல்லு புள்ள.”

“நம்ம தண்ணி புடிக்கிற பீலிக்கு மேல, ஊத்து வத்தாம நடுறதுக்கு, தண்ணி கொறச்சலா குடிக்கிற கன்னா பாத்து எடுக்க நர்சரிக்கு ஒரு மிஸ் வந்திருக்காங்கள்ல? கன்னுக்கு தண்ணி ஊத்தி, தொட்டி வாய பொலித்தீனால கட்டி, காலையில ஒருக்கா, அந்தியில ஒருக்கா நிறுக்கச் சொன்னாங்க. எம்புட்டு கொறையுதோ, அம்புட்டும் கன்னு குடிச்ச தண்ணி.”

“நிறுத்தது யாரு?”

“நம்ம தேயிலைக் கொழுந்து நிறுக்கிற கணக்கப்புள்ளதான். காலையில எலையெல்லாம் பனி. அவரு கை சும்மா இருக்குமா? நம்ம கொழுந்துக்கு கழிக்கிற மாதிரியே, ஈரத்துக்குன்னு அரைக் கிலோ கழிச்சு எழுதிட்டாரு. அந்தியில பாத்தா தொட்டி கனம் கூடியிருக்கு!”

மூத்தவள் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

“மிஸ் அன்னைக்கே புடிச்சிட்டாங்க. திரும்ப நிறுத்தா, யூகலிப்டஸ்தான் மொடாக்குடியன். அது வேணாம்னு காட்டு நாவக் கன்னு நடப்போறாங்க.”

“ஒரே நாள்லயா புடிச்சாங்க? நம்ம கொழுந்துல இருபது வருசமா கழிக்கிறாரு, ஒருத்தரும் புடிக்கலையே.”



“நாளைக்கு கொழுந்து நிறுக்கிறப்ப நான் கன்னு மாதிரி தொட்டிக்குள்ள ஏறி நிக்கப்போறேன்க்கா,” என்றாள் இளையவள். “மிஸ் வந்து என்னையும் பாக்கட்டும்.”