பாதி முகம்

முதன்முதலாகச் சவரக்கத்தி வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் கைப்பிடியைத்தான் பார்ப்பார்கள். கொம்பா, மரமா, பளபளப்பாக இருக்கிறதா என்று. கைப்பிடியா சவரம் செய்யப் போகிறது? பார்க்க வேண்டியது முனையை. முனை வட்டமாக இருந்தால் அது வீட்டுக்கான கத்தி. புதுக் கை கொஞ்சம் தடுமாறினாலும் மன்னித்துவிடும். முனை சதுரமாக, மூலை கூராக இருந்தால் அது எங்களைப் போன்ற தொழில்காரர்களுக்கு. அது யாரையும் மன்னிக்காது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், வாட்ச் கடைக்காரருக்குக் கத்தி தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான்.

அவர் கடை என் சலூனுக்கு எதிரே. வீடு கடைக்கு மேலே மாடியில். பல வருஷமாகக் காலையில் கடை திறக்கும் முன் என்னிடம் வந்துவிடுவார். நாற்காலியில் சாய்ந்தால் நுரை போடும்போதே தூங்கிவிடுவார். கத்தி வைத்திருப்பவன் முன்னால் கழுத்தைக் காட்டிக்கொண்டு தூங்குவது சின்ன விஷயமில்லை, ஐயா. கூடப் பிறந்தவனைக்கூட யாரும் அவ்வளவு நம்புவதில்லை. அவர் மோவாயில் முடி சுழித்து வளரும். இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம். அந்த முகம் எனக்கு அத்துப்படி. நெஞ்சுவலி வந்து, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடத் தொடங்கினார் அல்லவா, அதன்பிறகு ஒரு கீறல் பட்டாலும் ரத்தம் லேசில் நிற்காது. அதற்காகவே ஒரு கத்தியின் முனையைச் சாணைக்கல்லில் தேய்த்து மழுக்கி, தனியாக வைத்தேன். வேறு யார் முகத்திலும் அது பட்டதில்லை. இதை நான் அவரிடம் சொன்னதுமில்லை. சொல்லிக் காட்டுகிற விஷயமா அது?

ஐம்பதைத் தாண்டியபின் கல்யாணம் செய்துகொண்டார். நல்ல பெண்தான், நான் குறை சொல்ல மாட்டேன். ஒருநாள் அவரைக் கூப்பிட வந்தவள், நான் அப்போதுதான் துடைத்துவிட்ட கன்னத்தில் புறங்கையை வைத்துத் தடவினாள். என் கடையில், என் கண்ணெதிரே.

"இந்த இடத்துல கொஞ்சம் சொரசொரன்னு இருக்கே, அண்ணே" என்றாள்.

அங்கே சொரசொரப்பு இல்லை. அவர் மறுத்துச் சொல்வார் என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று முழுக்க வந்தவர் போனவரிடமெல்லாம் எரிந்து விழுந்தேன்.

அப்புறம் ஒருநாள் இரண்டு பேருமாக வந்தார்கள். "இனிமே வீட்லயே இவளே பண்ணி விடுறேங்கறா. நீங்கதான் ஒரு நல்ல கத்தியா பாத்துக் குடுக்கணும்" என்றார். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். நான் புளித்துவிட்டேன் போலிருக்கிறது.

"கத்தி பிடிச்சுப் பழக்கம் இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"சித்திரமும் கைப்பழக்கம்தானே, அண்ணே."

சரி என்று நானே அவர்களைக் கத்தி விற்கிற கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தக் கடைக்காரர் மூன்று கத்திகளை எடுத்து வைத்தார். அவள் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முதலில் தொட்டது வட்ட முனைக் கத்தி. அதை ஒதுக்கி வைத்துவிட்டு, சதுர முனையை அவள் கையில் கொடுத்தேன். "இதுதான் நல்லா இழைக்கும்" என்றேன். பொய் இல்லை. முனையை மழுக்கித் தரவா என்று கேட்டிருக்கலாம். அதிக வேலையில்லை. நான் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. தெரியாத வேலையில் கை வைப்பவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் கணக்கு இவ்வளவுதான்: ஒரு வெட்டு விழும், கொஞ்சம் பயப்படுவார், மறுநாள் பழையபடி என் நாற்காலிக்கு வந்துவிடுவார்.

மறுநாள் காலை அவர்கள் ஜன்னலிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் என்னிடம் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. என்னிடம் தூங்குவார், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் அவள் செருப்புக்கூட இல்லாமல் ஓடி வந்தாள். "அண்ணே, ரத்தம் நிக்க மாட்டேங்குது, வாங்க." பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். மச்சத்துக்குக் கீழே முனை இறங்கியிருந்தது. துண்டை வைத்து அவரே பிடித்துக்கொண்டிருந்தார். "நான் பாத்துக்கறேன், நீ போய் வண்டி கூட்டிட்டு வாம்மா" என்று அவளை அனுப்பினேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நிம்மதி இருந்தது. அதை நான் மறக்க மாட்டேன்.

இடது பக்கம் அவள் வழித்திருந்தாள், திட்டுத் திட்டாக. வலது பக்கம் நுரை அப்படியே இருந்தது. பாதி முகத்தோடு ஒரு மனிதரை எப்படி வெளியே அனுப்புவது? பெட்டியில் அந்த மழுக்கிய கத்தி இருந்தது. "அவளைக் கூப்பிடுங்க" என்றார். "ஆடாதீங்க, வெட்டிடும்" என்றேன். வழக்கமாகச் சொல்வதுதான். அவசரப்படாமல் செய்தேன். இடது பக்கத்தையும் சரி செய்தேன். துண்டிலிருந்து அவர் கை நழுவியது. நான் அழுத்திப் பிடித்திருந்தால் நின்றிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். இருக்கலாம். என் இரண்டு கையும் வேலையில் இருந்தது. கடைசியில் பழையபடி கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் வந்தபோது முகத்தைத் துடைத்து வைத்திருந்தேன். வண்டியில் போகும்போதே உயிர் போய்விட்டது.

நேற்று உங்கள் ஸ்டேஷன் போலீஸ்காரர் ஒருவர் சவரத்துக்கு வந்தார். "பாதிதான் வழிச்சேன்னு சாதிக்கறா. முழு மூஞ்சியும் சுத்தமா வழிச்சு முடிச்சுட்டுத்தான் கழுத்துல வச்சிருக்கா. கை தவறியிருந்தா பாதி சவரத்துலயே தவறியிருக்கணுமே? வேணும்னே பண்ணியிருக்கா" என்றார். அவளைப் பிடித்து வைத்திருப்பதாகவும் சொன்னார். நான் நுரையைக் குழைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு என்ன ஆனால் எனக்கென்ன? பிறகு செத்தவர் முகத்தைப் போட்டோவில் பார்த்ததாகச் சொன்னார். "என்ன இருந்தாலும் கைகாரிதான்யா. கன்னம் கண்ணாடி மாதிரி இருந்துச்சு."

இரவு முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் கடையைக்கூடத் திறக்காமல் இங்கே வந்துவிட்டேன்.

அவளை விட்டுவிடுங்கள். கொன்றவன் நான் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தக் கன்னம் என் வேலை, ஐயா. அதை அவள் பெயரில் எழுதாதீர்கள்.