தரணியின் அக்கவுண்ட் நம்பர்

குழந்தைகளுக்குப் பனியன் வாங்கும்போது கழுத்துப் பட்டியை இரண்டு விரலால் இழுத்துப் பாருங்கள், மேடம். விட்டதும் பழைய அளவுக்குத் திரும்பினால் நல்ல துணி. தொளதொளவென்று நின்றுவிட்டால் கடைக்காரர் எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் வாங்காதீர்கள். திருப்பூரிலேயே இருந்துகொண்டு இது தெரியாமல் ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். என் தங்கை தரணிக்கு நான்தான் இதைச் சொல்லிக்கொடுத்தேன்.

அவளைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். சொல்கிறேன். மறைக்கிற உத்தேசம் எனக்கு இல்லை.

அருள்புரத்தில் நான் நடத்துவது சின்ன கம்பெனி. பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுப்பதைத் தைத்துத் திருப்பிக் கொடுப்போம். பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்குக் கல்யாணம் தகையவில்லை. தரணியை உடுமலைப்பேட்டையில் ஒரு தென்னந்தோப்புக்காரர் வீட்டில் கட்டிக் கொடுத்தோம். சில வருடத்தில் அவளே வக்கீலைப் பார்த்து, அவளே கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு பெட்டியோடு என் வீட்டில் வந்து இறங்கினாள். வரட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்த பிறகும் அப்படித்தான். என்ன சமைப்பது, எந்த அறையில் படுப்பது, யாரை வீட்டுக்குள் விடுவது, எல்லாம் அவள் முடிவு. என் வீட்டில் நானே வாடகைக்குக் குடியிருப்பவன் போல ஆகிவிட்டேன். கோபம் என்று சொல்ல மாட்டேன், பயம்தான். இவளும் ஒரு நாள் கேட்காமலே போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு பேசுவது என்கிற பயம்.

இரண்டாயிரத்து ஏழில் கம்பெனி மெயில் பார்ப்பதற்காக வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்தேன். இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் பொருள் விற்கலாம் என்று ஒரு தளம் இருப்பதை அதில் தரணி கண்டுபிடித்தாள். எக்ஸ்போர்ட்டில் மிஞ்சுகிற குழந்தைத் துணிகளை வாங்கி, லேபிளை வெட்டிவிட்டு, போட்டோ எடுத்துப் போட்டாள். கவுகாத்தியில் ஒரு அம்மா ஒரு கவுனை எடுத்துக்கொண்டார். உடனே தளத்துக்காரர்கள், பணம் அனுப்ப வேண்டும், உன் பேங்க் அக்கவுண்ட் நம்பரைக் கொடு என்றார்கள். பான் நம்பர் வேண்டுமாம், விலாசம் வேண்டுமாம், குறுக்கே கோடு போட்ட செக் ஒன்றும் வேண்டுமாம். ஜாதகம் ஒன்றுதான் பாக்கி.

தரணி மிரண்டுவிட்டாள். அன்று சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலுக்கே வந்தாள்.

"ஏனுங்கண்ணா, நம்பரக் குடுத்தா இருக்கறதெல்லாம் உருவிருவாங்களாங்க? எனக்குப் பயமா இருக்குதுங்க" என்றாள்.

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உங்களுக்குச் சொன்னால் புரியுமா தெரியவில்லை. மறுநாள் வேலையைப் போட்டுவிட்டு பேங்குக்குப் போனேன். அந்த நம்பரை வைத்துப் பணம் போடத்தான் முடியும், எடுக்க முடியாது, தாராளமாகக் கொடுக்கச் சொல்லுங்கள் என்றார் மேனேஜர். அதை அப்படியே வந்து சொன்னேன். அவள் நம்பரைக் கொடுத்தாள், பணம் ஒழுங்காக வந்தது, என்னிடம் எதையும் கேட்பது அதோடு நின்றுபோனது.

வியாபாரம் பிடித்துக்கொண்டது. மடித்துக் கட்டுவதற்கு வேலம்பாளையத்திலிருந்து சீனியம்மாள் வர ஆரம்பித்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, வாய் ஓயாது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வேலை செய்வார்கள். நான் உள்ளே வந்தால் சிரிப்பு கொஞ்சம் குறையும். பிறகு ஒரு நாள், வேலம்பாளையத்தில் ஒரு வீடு பார்த்து முன்பணமும் கொடுத்தாயிற்று, அடுத்த மாதம் அங்கேயே போய்விடுவேன் என்று, எனக்குச் சோறு போட்டுக்கொண்டே தரணி சொன்னாள். இன்று கரண்ட் போகும் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு எழுந்தேன்.

அவளுடைய பயம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவளே வந்து காட்டிய இடம்தானே.

எங்கள் கம்பெனி டைலர்களில் ஒருவர் பீகார்க்காரர், சாதுவான மனிதர். என் தங்கை இந்தி படிக்கிறாள், எண்கள் புரிகிறதா என்று பார்க்க வேண்டும், இதை வாசித்துவிட்டு வேறு எதுவும் பேசாமல் வைத்துவிடுங்கள் என்று அவரிடம் ஒரு துண்டுச் சீட்டையும் புது சிம் போட்ட போனையும் கொடுத்தேன். வடக்கே விற்று விற்றுத் தரணிக்கு இந்தி எண்கள் நன்றாகத் தெரியும். அவர் பாடம் நடத்துகிற மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தார். நான் பக்கத்திலேயே நின்று கேட்டேன். முடிந்ததும் பரீட்சையில் பாஸா என்று கேட்டார். பாஸ் என்றேன்.

அன்று நான் திரும்பி வரும்போது தரணி கேட்டுக்கு வெளியே ரோட்டிலேயே நின்றிருந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை.

"அது என்ர நம்பருங்கண்ணா. ஒண்ணு விடாமச் சொன்னானுங்க."

"நான் பாத்துக்கறேன் கண்ணு. நீ யாருகிட்டயும் மூச்சு விடாத" என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அதற்கடுத்த வாரம் அவளுடைய பான் நம்பரை ஒருவர் வாசித்தார். பிறகு எங்கள் வீட்டு விலாசம். அவள் சும்மா இருக்கவில்லை, தளத்துக்காரர்களுக்கு மெயில் எழுதிக் கேட்டாள். உங்கள் விவரத்தை நாங்கள் யாருக்கும் கொடுக்கவில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. எந்தத் திருடன் கண்ணு தானாக ஒத்துக்கொள்வான் என்று கேட்டேன். அவளும் தலையாட்டினாள். செக் புத்தகம் இருந்த மேஜையைத் துடைக்கிறவள் சீனியம்மாள்தானே என்றும் சும்மா சொல்லி வைத்தேன். சீனியம்மாள் வருவது நின்றது. வேலம்பாளையத்து வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிடத் தரணி என்னையே அனுப்பினாள்.

அதோடு விட்டிருப்பேன். ஆனால் அவள் போலீஸுக்குப் போகலாம் என்றாள். அப்போது நான் பயந்த பயம் கொஞ்சமல்ல. நீ வர வேண்டாம், பொம்பளைப் பிள்ளை ஸ்டேஷனில் நிற்பது நன்றாக இருக்காது என்று சொல்லிவிட்டு, நான் மட்டும் கிளம்பிப் போய்ப் பல்லடத்தில் ஒரு பேக்கரியில் உட்கார்ந்திருந்தேன். அந்த வருடம் பேப்பரைத் திறந்தால் குண்டு வெடிப்புதான். திரும்பி வந்து, உன் அக்கவுண்ட் வழியாக யாரோ அந்த மாதிரி ஆட்களுக்குப் பணம் அனுப்பியிருக்கிறார்கள், நம்பருக்குச் சொந்தக்காரியைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், நல்ல வேளை உன் பேரை நான் வாய் தவறிச் சொல்லவில்லை என்றேன். அவள் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அந்த அழுகை பொய் இல்லை.

அதன் பிறகு அவள் மாடி அறையை விட்டு இறங்கவில்லை. கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடினாள், போனை என்னிடம் கொடுத்துவிட்டாள். சாப்பாட்டை நானே சமைத்து எடுத்துப் போவேன். ஜன்னலைத் திறக்கலாமா, தலைக்குக் குளிக்கலாமா, விளக்குப் போடலாமா என்று ஒவ்வொன்றாக என்னைக் கேட்பாள். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்ப்பாள். மெலிந்துபோனாள், முடி கொட்டியது. டாக்டரைக் கூப்பிடட்டுமா என்றால் அவர் பேர் எழுதிக்கொள்வார் என்று நடுங்குவாள். அந்த அறைக்குப் பின்னால் திறந்த மாடி. சுவர் முழங்கால் உயரம்தான், கீழே சாயப்பட்டறையின் சிமெண்ட் தரை. போலீஸ் வந்தால் அவர்கள் கையில் அகப்பட மாட்டேன், அந்தப் பக்கம் போய்விடுவேன் என்று ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். சுவரை உயர்த்திக் கட்ட வேண்டும் என்று நினைத்தேன். கம்பெனி வேலையில் முடியவில்லை.

இரண்டு வருடம் இப்படிப் போனது. போன வாரம் சீனியம்மாள் வந்து தரணி எங்கே என்று கேட்டாள். மறுபடியும் புருஷனோடு சேர்ந்து உடுமலைப்பேட்டையில் இருக்கிறாள் என்றேன். அவள் மாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பம் கொடியில காயுத நைட்டி யாருது அண்ணாச்சி?" என்றாள்.

நான் கேட்டைச் சாத்தினேன். அவள் நேரே உங்களிடம் வந்துவிட்டாள்.

நேற்றுக் காலை நீங்கள் மாடியில் வந்து நின்று சாவி கேட்டீர்கள். கதவைக் காட்டினேன். அதற்கு வெளியே பூட்டும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. உள்ளேயிருந்து அவள் போட்டுக்கொள்வதுதான். நான் அவளை அடைத்து வைத்தேன் என்று பேப்பரில் போட்டிருக்கிறார்களாம். கை ஓங்கியதுகூடக் கிடையாது.

காலடிச் சத்தம் கேட்டு அவள் உள்ளேயிருந்து, "ஆருங்கண்ணா?" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள். சீனியம்மாள் வந்திருக்கிறாள் என்று நான் சொல்லியிருக்கலாம், உங்கள் பின்னால்தான் நின்றிருந்தாள். எல்லாம் நான் செய்த வேலை, வெளியே வா கண்ணு என்றும் சொல்லியிருக்கலாம். எதைச் சொல்லியிருந்தாலும் கதவு திறந்திருக்கும். திறந்தால் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு அவள் என்னைப் பார்ப்பாள், மேடம்.

"போலீஸ் வந்திருக்குது கண்ணு" என்றேன்.

நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள், அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை என்று உங்களுக்கே தெரியும். பின்பக்கம் சத்தம் கேட்டதும் நீங்கள் எல்லோரும் படியிறங்கி ஓடினீர்கள். நான் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்றுதானே காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அவள் குதிப்பாள் என்று தெரிந்துதான் சொன்னேன்.