பள்ளிவாசல் இருக்கும் ஊரில் ரூம் எதற்கு

“பள்ளிவாசல் இருக்கிற ஊர்ல என்னத்துக்கு புள்ள ரூம்?”

கல்முனையில் கண்டி பஸ் புறப்படக் காத்திருந்தபோது, எனக்கு முன் சீட்டில் இருந்தவர் தன் மனைவியிடம் இப்படிக் கேட்டார். மடியில் பயணப் பையை வைத்திருந்த அவள் வெடுக்கென்று திரும்பினாள்.

“பள்ளியில நீங்க படுப்பீங்க. நான் எங்க படுக்கிற? போன முறை நீங்க உள்ளுக்குக் குறட்டை விட்டீங்க. நான் விடியுமட்டும் பஸ் ஸ்டாண்ட் வாங்குப் பலகையில குந்திக்கிட்டு இருந்தன்.”

“சத்தம் போடாத. முன்னுக்கே ரூம் சொல்லி வெச்சா அந்த லொட்ஜ்காரனுக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கணும். போய் இறங்கினா ஒரு இடம் கிடைக்காமலா போகும்?”

“உங்களுக்குக் கிடைக்கும்! கலியாணம் முடிக்குமட்டும் உம்மாட ஊடு. முடிச்ச நாள்ல இருந்து என்ட வாப்பா எனக்குக் கட்டித் தந்த ஊடு. இடம் தேடி நீங்க எப்ப அலைஞ்சீங்க?”

கண்டக்டர் மணியடித்தார். அவள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

“எங்க போற?”

“என்ட ஊட்டுக்கு. நீங்க கண்டிக்குப் போய்ட்டு வாங்க. வாறதுக்கு முதல் சொல்லி அனுப்புங்க. இடம் இருக்கா எண்டு பாத்துச் சொல்றன்.”