பொக்கட்டில் போன பயத்தம் உருண்டை

— சாப்பிடுங்கோ மாமா. பயத்தம் உருண்டை. பிஸ்கட்டவே ஊரில, வீட்டில என்ர கையால உருட்டி, பிளைட்டில மடியில வச்சுக்கொண்டு வந்தனான்.

— இதுக்கா இந்தக் காப்பெல் ஊரு வரைக்கும் வந்த மக்ளே? மருமவ பிள்ளையக் கூட்ட டேகேருக்குப் போயிருக்கா. வந்து காப்பி போடுவா, இரி.

— இந்தியன் ஆமியில யாழ்ப்பாணத்துக்கு வந்த திருமூர்த்தி மாமாவைத் தெரியுமோ எண்டு பேஸ்புக்கில எத்தினை குரூப்பில போட்டிருப்பன்! "நான்தான்" எண்டு நீங்கள் எழுதினதும் அழுதிட்டன். எங்கட ஒழுங்கை முடக்கில சென்ட்ரிக்கு நிப்பியள், நினைவிருக்கோ?

— இல்லாமயா? ரோஷினி. ரெட்டைச் சடை. வாய் ஓயாது. துப்பாக்கியக் கண்டு ஊரே ஒளியும், நீ அதுல உனக்க தண்ணி பாட்டில தொங்க விடுவ, கேட்டியா!

— ஐயோ, ஓம்! "எங்கட ஆக்களைச் சுடுறவங்களோட உனக்கென்னடி கதை" எண்டு அம்மா ஏசுவா.

— ஏசாம என்ன செய்வா. நாங்க செஞ்சது அப்படி.

— மாமா, ஒண்டு கேக்கத்தான் வந்தனான். ஏன் என்னைத் தள்ளினீங்கள்?

— அது எதுக்கு இப்ப?

— கடைசி நாள் "உங்கட ஊருக்குப் போங்கோ" எண்டு சொல்லிப்போட்டன். பெரியாக்கள் சொல்லுறதைத்தானே சொன்னனான், ஏழு வயசில எனக்கு என்ன தெரியும்? ஓடி வந்து ஒரே தள்ளு. வாய்க்காலுக்குள்ள தலை அடிபட்டு மயங்கிட்டன். முழிச்சா வேற ஊர், ஆஸ்பத்திரி. அம்மாவைக் கேட்டா இண்டைக்கும் பேச்சை மாத்துறா. என்னோட அவ்வளவு கோவமோ?

— உன்மேல கோவமா? அடப் போ மக்ளே. இதத் தின்னுட்டுப் பேசுவோம். ம்ம்... அதே ருசி! அன்னைக்குத் தின்னது இப்பவும் நாக்குல நிக்கி.

— நீங்கள் திண்டதே இல்லையே.

— ஏது?

— ஊர்ச்சனம் தாறதை வாயில வைக்கக் கூடாது, மேலிடத்து ஓடர் எண்டு, நான் குடுக்கிறதை மாமா பொக்கட்டில போடுவார். ஒருநாளும் திண்டதில்லை. அதுக்கு நான் அழுதிருக்கிறன். நீங்கள் ஆர்?

— நான் ஏசுராஜ். திருமூர்த்தியும் நானும் ஒரே டென்ட். "எனக்க சிநேகிதி தந்தது, தூரப் போட மனசில்ல, நீ தின்னுலே"ம்பான். எனக்கு எந்த ஆர்டரு, பசிதான். நீ தேடுறதப் பாத்ததும் உள்ளதச் சொல்ல வாய் வரல. மன்னிச்சிரு மக்ளே.

— அப்ப மாமா எங்க?

— அன்னைக்கு ரோட்டுல கண்ணிவெடி. அத அவன் கண்டப்ப, உன்னத் தள்ளத்தான் நேரம் இருந்துது.