ஒரு கிலோமீட்டருக்குள் ஒரு காய்கறிக் கடை

— நர்சம்மா, மறுபடியும் சொல்றேன், என் தாள்ல கடை இருக்கு.

— நானும் மறுபடியும் சொல்றேன் சார், தெருவுல கடை இல்ல. நீங்களே ரெண்டு சுத்து சுத்திட்டு வந்தீங்களே, ஒரு வெங்காயமாச்சும் கண்ணுல பட்டுச்சா?

— சிப்ஸ் விக்கிற கடை நாலு இருந்துச்சு.

— அதைத் தின்னுதான் எல்லாரும் இந்த கிளினிக்ல வந்து வரிசையில உக்காந்திருக்காங்க. காய் வாங்கணும்னா ரெண்டு பஸ் மாறணும். இந்த டிரைவர் அண்ணனைக் கேளுங்க, அந்த பஸ்ஸை ஓட்டுறவரே இவருதான்.

— ஆமா சார். ஓட்டுற எனக்கே காய் வாங்க முடியல. ஷிப்ட் முடியறதுக்குள்ள மார்க்கெட் மூடிடும். அப்புறம் பன்னும் டீயும்தான். இப்ப சர்க்கரை முன்னூத்திப் பத்து.

— புரியுதுண்ணே. ஆனா காய்கறியே கிடைக்காத ஏரியா கிளினிக்குக்குத்தான் இந்த அரசாங்க நிதி. ஒரு கிலோமீட்டருக்குள்ள ஒரே ஒரு காய்கறிக் கடை இருந்தாலும் கிடையாது. இங்க ஒண்ணு இருக்குன்னு பதிவாகியிருக்கு. நிதியை நிறுத்தச் சொல்லி மேல எழுதிட்டாங்க. நான் நேர்ல பாத்து ஆமா, இல்லன்னு சொல்லணும், அவ்வளவுதான்.

— நிறுத்திட்டா மாசக் கடைசிக்கு மேல இன்சுலின் வராதே சார். அறுபத்திரெண்டு பேரு. இல்லாத கடைக்காக இருக்கிற கிளினிக்கை மூடுவாங்களா? எனக்குத் தலையே சுத்துது.

— எனக்கும்தாம்மா. அட்ரஸ் வேற தெளிவா இருக்கு. கதவு நம்பர் பதினேழு.

— பதினேழா? நாம இருக்கிறதே பதினேழுதான் சார்.

— அப்ப கடை எங்க?

— கடைக்குள்ளதான் நீங்க உக்காந்திருக்கீங்க. முன்னாடி இது காய்கறிக் கடை. கட்டுப்படியாகலன்னு மூடிட்டு அந்த ஆள் மகன் வீட்டுக்குப் போயி ஆறு வருஷம் ஆச்சு. நாங்க வந்தப்ப மூலையில ஒரு மூட்டை உருளைக்கிழங்கு அழுகிக் கிடந்துச்சு.

— மூடின கடைக்கு வருஷா வருஷம் லைசென்ஸ் எப்படிப் புதுப்பிப்பாங்க? போன மார்ச்ல கூடப் புதுப்பிச்சிருக்கு.

— எவன் அவன்? என் முன்னாடி கொண்டு வந்து நிறுத்துங்க சார். இத்தனை பேர் பொழப்புல மண்ணள்ளிப் போட்டிருக்கான்.

— சொல்லுங்க நர்சம்மா, பஸ்ஸைக் கொண்டுபோயி அவன் வாசல்லயே நிறுத்திடறேன்.

— இருங்கண்ணே. படிவத்தோட நகல் எங்கிட்ட இருக்கு. ‘மேற்படி முகவரியில் காய்கறிக் கடை நடத்தி வருகிறேன்.’ கீழ கையெழுத்து. பாருங்கம்மா, யாருன்னு தெரியுதா?

— இந்தத் தாளா?

— என்னம்மா?

— சார், கரண்ட் இன்னும் கடை பேர்லதான் இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை பில்லோட ஒரு தாள் வரும். கையெழுத்துப் போட்டு அனுப்பலன்னா கரண்ட் கட்டுன்னு இருக்கும். ஃபிரிட்ஜ்ல இன்சுலின் இருக்கே, எல்லாம் வீணாயிடுமேன்னு அவசர அவசரமா... மேல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக்கூடப் பாக்கல.

— நீங்களா? அந்தத் தாளை வச்சுத்தான் கடை லைசென்ஸையும் வருஷா வருஷம் புதுப்பிச்சிருக்காங்க.

— ஆறு வருஷமும் நான்தான் சார்.

— அடக் கடவுளே. இப்ப நான் என்னத்தம்மா எழுதறது?

— கடை இல்லன்னு எழுதுங்க.

— எழுதினா நிதி வந்துடும். கரண்டையும் கிளினிக் பேருக்கு மாத்திடலாம். ஆனா எழுத்துல உங்க வாக்குமூலம் இல்லாம என் பேச்சு எடுபடாது. இல்லாத கடையை இருக்குன்னு சொன்னது நான்தான்னு நீங்க எழுதிக் குடுக்கணும். அரசாங்க நர்ஸு, பொய்யான உறுதிமொழி. வேலை போயிடும்மா. பேசாம கடை இருக்குன்னே விட்டுட்டா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. வேற கிளினிக்குக்கு மாத்துவாங்க, அவ்வளவுதான்.

— எனக்கு ஒண்ணும் ஆகாதா?

— ஆகாது.

— பயமா இருக்கு சார். எது சரின்னே புரியல. வீட்டுல ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்க.

— ரெண்டு நாள் யோசிச்சுட்டுச் சொல்லுங்க.

— ரெண்டு நாள் யோசிச்சா எனக்கு நானே சமாதானம் சொல்லிக்குவேன். பேனா குடுங்க.

— நர்சம்மா, வேணாம்மா. நாங்க எப்படியாவது பாத்துக்கறோம்.

— எப்படியாவதுன்னா எப்படிண்ணே? இந்தாங்க சார், எழுதிட்டேன். அண்ணா, சட்டைக் கையை மடிங்க. எனக்கப்புறம் வர்றவங்ககிட்ட இடது கையிலயே ஊசி போடச் சொல்லுங்க. வலது கையில போட்டா ஸ்டியரிங் பிடிக்கிறப்ப உங்களுக்கு வலிக்கும்.